நான் அழித்த பதினோரு மஞ்சள் வரிகள்

எனக்குப் பின் இந்த மேசைக்கு வந்து அமரப்போகும் நண்பர்களே, உங்களைச் சாட்சிகளாக அழைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறேன். அரியலூர் லாரி ஏஜென்சியின் இணையப் பக்கத்தை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதன் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்களே சார்" என்று என்னிடம் வந்து சொன்னவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பாராட்டை நான் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் பாதிதான் எனக்குச் சேர வேண்டியது. இந்த மாதக் கடைசியோடு நான் கணினி வேலையை விட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன். போவதற்கு முன் மீதிப் பாதி யாருக்குச் சேர வேண்டும் என்பதை உங்கள் முன் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி நாட்களில் நான் ஏறாத பேச்சு மேடை பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் இல்லை. சொற்போட்டிகளில் ஆதரித்துப் பேசுவதா எதிர்த்துப் பேசுவதா என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். காலையில் ஒரு கட்சியை வெல்ல வைத்துவிட்டு, மதியம் அதே கட்சியைத் தோற்கடித்த நாளும் உண்டு. கோப்பைகளை அடுக்க வீட்டில் இடம் இல்லாமல், குன்னத்தில் எங்கள் அம்மா ஒரு கோப்பையில் உப்புப் போட்டு வைத்திருந்தார். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை இந்தக் கதைக்குத் தேவைப்படுகிறது.

2005இல் அந்த ஏஜென்சியின் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளை அவர்கள் முறை வைத்து அனுப்புகிறார்கள். ஏறத்தாழ இருநூறு லாரிகள். ஒரு வண்டி கல் ஏற்றிப் போய்விட்டால் பட்டியலின் கடைசிக்குப் போகும். மறுபடி அதன் முறை வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த முறைப்பட்டியல்தான் அவர்களுடைய இணையப் பக்கத்தின் உயிர். ஏனென்றால், வண்டி வைத்திருப்பவர்களில் பலர் ஊரிலேயே இல்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அங்கே சம்பாதித்து இங்கே லாரி வாங்கி ஓடவிட்டிருந்தார்கள். தம்மாமிலும் துபாயிலும் உள்ள பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து, தங்கள் வண்டி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

பழைய பக்கம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். மேலே ஓடும் எழுத்து, கீழே மினுக்கும் ரோஜாப்பூ. ஒவ்வொரு வரியிலும் எழுத்தின் அளவும் நிறமும் தனித்தனியாகத் திணிக்கப்பட்டிருந்தன. முறைப்பட்டியலில் சில வரிகள் மஞ்சள், சில பச்சை, மற்றவை வெள்ளை. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே பொருள் எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தேன்.

அரியலூரில் ஏஜென்சி முதலாளியின் அறையில் நான் ஆற்றிய உரையை இன்று நினைத்தாலும் எனக்கே கொஞ்சம் மயக்கம்தான். பொருள் வேறு, தோற்றம் வேறு; பொருளைப் பக்கத்தில் வையுங்கள், தோற்றத்தைத் தனிக் கோப்புக்கு அனுப்புங்கள்; உலகம் ஒப்புக்கொண்ட தரம் இது; தரத்தின்படி எழுதிய பக்கம் எந்தக் கணினியிலும் திறக்கும், நாளை வரப்போகும் கருவிகளிலும் திறக்கும் என்றேன். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, நீங்க பேசுறத கேக்க நல்லா இருக்கு. லாரி போவுமா?"

"இன்னும் வேகமா போகும்ங்க."

"அப்ப செய்ங்க."

அறையின் மூலையில், பட்டியலைத் தினமும் ஏற்றுகிற எழுத்தர் செல்வராணி உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வரதராசன்பேட்டைப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர் எழுந்து, "சார், அந்தக் கலரு..." என்று தொடங்கினார்.

நான் கையை உயர்த்தினேன். மேடையில் குறுக்குக் கேள்வி வரும்போது செய்கிற அதே கை. "அழகெல்லாம் தனியா வந்துரும், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, உரையின் முடிவுரைக்குப் போனேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வேலையைச் சிறப்பாகவே செய்தேன். நிரல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பழைய பட்டியலிலிருந்து வண்டி எண்களையும் பெயர்களையும் மட்டும் பிரித்தெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிறம், எழுத்துரு, மினுக்கல் எல்லாவற்றையும் அது சல்லடைபோல் வடித்துக் கொட்டியது. இணையத்தரச் சோதனையில் பிழை ஒன்றுகூட இல்லை என்று வந்தது. அந்த முடிவைத் தாளில் அச்செடுத்து, இதோ இந்தச் சுவரில்தான் ஒட்டினேன். பழைய கோப்புகளை அழித்துவிடலாமா என்று யோசித்து, ஒரு வாரம் கழித்து அழிக்கலாம் என்று விட்டுவைத்தேன். அது முன்யோசனை இல்லை, சோம்பல்.

திங்கட்கிழமை காலை புதிய பக்கம் வெளியானது. பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது. முதலாளி இரண்டே வாக்கியம் பேசினார். "லாரி யார்டுல ஒரே சண்ட. நீங்களே வந்து பேசுங்க."

நடந்தது இதுதான். மஞ்சள் வரி என்றால், அந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, அதன் முறையை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று பொருள். வண்டி சரியாகித் திரும்பினால் தன் பழைய இடத்தில் நிற்கும். அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். யார்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. காலை ஏழு மணிக்கு கேட்டில் உட்காரும் சூப்பர்வைசர் துரைராசு புதிய பக்கத்தைத் திறந்தார். மஞ்சள் ஒன்றுகூட இல்லை. எல்லா வண்டியும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வரிசைப்படி கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டு வராத வண்டி கடைசிக்குப் போக வேண்டும் என்பது விதி. ஒர்க்‌ஷாப்பில் நின்ற பதினோரு வண்டிகள் வராமல் கடைசிக்குப் போயின. பத்து மணிக்குச் செல்வராணி வேலைக்கு வந்து பார்த்தபோது, ஐந்து வண்டிகள் கல் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தன.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைத்தது. குன்னம் தாண்டுவதற்குள் மூன்று வாதங்களைக் கட்டி முடித்துவிட்டேன். ஒன்று, நிறத்துக்கு என்ன பொருள் என்று பழைய பக்கத்தில் எழுதப்படவில்லை. இரண்டு, புதிய பக்கத்தை முதலாளி பார்த்து ஒப்புதல் தந்தார். மூன்று, சந்தேகம் வந்தால் கேட்டில் இருந்தவர் கேட்டிருக்க வேண்டும். கவனியுங்கள் நண்பர்களே, மூன்றும் உண்மை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் நான் தப்பித்துக்கொள்ள முடியும்.

யார்டில் எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். முன்னேறிய வண்டிகளின் டிரைவர்கள் ஒரு பக்கம், கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள் மறுபக்கம். நடுவில் கறுப்புத் துப்பட்டி போட்ட ஒரு பெண், கையில் செல்போனோடு. அவர் மும்தாஜ். கணவர் ஜமால் தம்மாமில் வேலை பார்க்கிறார். வண்டியை இவர்தான் கவனித்துக்கொள்கிறார். கியர் பெட்டி பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நின்ற அந்த வண்டி அன்று காலைதான் சரியாகி யார்டுக்கு வந்தது. வந்து பார்த்தால் கடைசிக்கு நான்கு வண்டி முன்னால் நிற்கிறது.

அவர் வண்டியின் டிரைவர் கூட்டத்துக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் பன்னெண்டு நாளு நிக்கணும்னா நான் வேற வண்டிக்குப் போயிருவேங்க. லோடு எடுத்தாத்தான் எனக்குச் சோறு."

மும்தாஜ் என்னைப் பார்த்து, "நீங்கதான் கம்ப்யூட்டர்காரவங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"எங்க வூட்டுக்காரவங்களுக்கு இன்னைக்குத்தான் கெடு. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுறாங்களா, இல்ல ஊருக்கு வர்றாங்களான்னு கம்பெனில இன்னைக்குச் சொல்லணும். வண்டி நிக்காம ஓடுதுன்னு தெரிஞ்சா வந்துர்றேன்னுதான் சொல்லியிருந்தாங்க. காலையில நெட்டுல பாத்துருக்காங்க, கடைசில கெடக்குது. 'மஞ்சளையே காணோமே மும்தாஜ், முறைய எடுத்துட்டாங்களா'ன்னு கேக்குறாங்க. நா என்ன சொல்லட்டும்?"

முதலாளி, "விளக்கம் சொல்லுங்க தம்பி" என்றதும், கால்கள் தாமாகவே எடைமேடையின் சிமெண்டுத் திட்டில் ஏறின. வாய் தானாகவே தொடங்கியது.

முதல் வாதத்தைச் சொன்னேன். கூட்டம் அடங்கியது. இரண்டாவது வாதத்தைச் சொன்னேன். முதலாளி தாடையைத் தடவினார். நிறத்துக்கு விளக்கம் எழுதாமல் வைத்தது யார் என்று, பெயரைச் சொல்லாமல் ஒரு கேள்வியை எழுப்பி, கொஞ்சம் நிறுத்தினேன். அந்த நிறுத்தத்துக்குத்தான் எனக்குக் கோப்பைகள் கிடைத்திருக்கின்றன. கூட்டத்தில் ஒருவர், "அதானே, எழுதி வைக்கணும்ல" என்றார். இன்னொருவர், "தம்பி சொல்றது ஞாயந்தான்" என்றார். நான் வென்றுகொண்டிருந்தேன்.

முதலாளி திரும்பிச் செல்வராணியைப் பார்த்தார். "ஏம்மா, அஞ்சு வருசமா ஏத்துற. மஞ்சள்னா என்னன்னு ஒரு வரி எழுதி வைக்கக் கூடாதா?"

ஐம்பது பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். செல்வராணி சத்தம் உயர்த்தவில்லை.

"எழுதித்தான் சார் வச்சுருந்தேன். 'முறை நிறுத்தம்'னு தமிழ்ல. நம்ம எழுத்துரு அங்க கெடையாது. அவங்களுக்கு அது கட்டம் கட்டமா, கிறுக்கலாத் தெரியுது. ஜமால் பாய்தான் போன் பண்ணி, 'தங்கச்சி, ஒண்ணும் படிக்க முடியல, கலர் அடிச்சு விடு, நம்பரையும் கலரையும் பாத்து நாங்க புரிஞ்சுக்குறோம்'னாங்க. அன்னைலேருந்து எழுத்த எடுத்துட்டுக் கலர் அடிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு முதலாளி ரூம்ல இதத்தான் சொல்ல வந்தேன்."

கையை உயர்த்தி நான் நிறுத்திய வாக்கியம் அது.

நண்பர்களே, இந்த இடத்தில் உங்களை நிறுத்த விரும்புகிறேன். என் மூன்றாவது வாதம் இன்னும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால், பழி செல்வராணிக்குப் பாதி, துரைராசுவுக்குப் பாதி என்று பிரிந்திருக்கும். நம் நிறுவனத்தின் பெயர் கெடாது. யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் சீட்டுக் குலுக்கி எனக்குக் கிடைத்த கட்சி இல்லை அது. நானே எடுத்துக்கொண்ட கட்சி. எதிர்க்கட்சியில் நின்றவரோ, வளைகுடாவில் உள்ள ஒரு மனிதர் தன் ஊர்ச் செய்தியைப் படிக்க வேண்டும் என்பதற்காக, எந்தப் பாடமும் படிக்காமல், தன் கையில் இருந்த நிறங்களை வைத்தே வழி கண்டுபிடித்தவர். எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்று நான் மேடை போட்டுப் பேசினேனே, அதைப் பேசாமலே அவர் செய்து காட்டியிருந்தார்.

"நான் இதுவரைக்கும் சொன்னத விட்டுருங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவங்க சொல்ல வந்தாங்க, நான்தான் சொல்ல விடல. மஞ்சள அழிச்சது நான். கேட்ல இருந்தவர் மேலயும் தப்பில்ல, இவங்க மேலயும் தப்பில்ல."

முதலாளி, "சரி, இப்ப என்ன செய்யிறது?" என்றார்.

மனத்தில் இரண்டு வழிகள் ஓடின. புதிய பக்கத்திலேயே நிறத்தைச் சேர்ப்பது ஒன்று; அதற்கு மாலை ஆகிவிடும், அவசரத்தில் இன்னொரு பிழையும் நுழையும். பழைய பக்கத்தை அப்படியே திரும்ப ஏற்றுவது மற்றொன்று. பத்து நிமிடம் போதும். ஆனால் கட்டத்துக்குள் கட்டத்தையும், மினுக்கும் ரோஜாவையும், இத்தனை பேர் பார்க்க, என் கையாலேயே மீண்டும் உலகத்துக்குக் காட்ட வேண்டும். இரண்டாவதையே தேர்ந்தேன். அவசரம் உங்களை நெருக்கும்போது, உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிற வழி ஒன்றும் வேலையைக் காப்பாற்றுகிற வழி ஒன்றும் தனித்தனியாகத் தெரியும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார்டு அலுவலகக் கணினியில் பழைய கோப்பைத் திறந்தேன். சனிக்கிழமை மாலைப் பட்டியல் வந்தது. பதினோரு மஞ்சள் வரிகள். செல்வராணி ஒவ்வொன்றாகப் படிக்க, வெளியே நின்றவர்கள் தலையசைத்தார்கள்: ஆமாம், அது பட்டறையில் நிற்கிறது, ஆமாம், அதற்கு அச்சு முறிந்தது. ஆனால் முன்னேறிய வண்டிகளின் டிரைவர்கள் ஒப்பவில்லை.

"ஒருவாட்டி கூப்புட்டாச்சுன்னா கூப்புட்டதுதான்" என்றார் ஒருவர்.

அவருக்குப் பக்கத்தில், அடுத்ததாகக் கல் ஏற்ற வேண்டிய வண்டியின் டிரைவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை. அவர்தான் விட்டுக்கொடுத்தால் அதிகம் இழக்கிறவர். "போன மாசம் உன் வண்டி டயரு வெடிச்சு எட்டு நாளு நின்னுச்சுல்ல?" என்று முதலில் பேசியவரைக் கேட்டார். "மஞ்சள் அடிச்சுத்தானே உன் எடம் நின்னுச்சு? நாளைக்கு என் வண்டியும் நிக்கும். விடுப்பா." துப்பிவிட்டு வந்து தன் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவர் எடுத்த பிறகு மற்றவர்களும் தங்கள் வண்டிகளைப் பின்னால் எடுத்தார்கள்.

போய்விட்ட ஐந்து வண்டிகள் போனவைதான். மீதி எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. மும்தாஜின் வண்டி மூன்றாவதாக நின்றது. செல்வராணி அந்த வரியின் மஞ்சளை எடுத்து வெள்ளையாக்கினார், நான் பக்கத்தை ஏற்றினேன். மும்தாஜ் போன் போட்டார்.

"மச்சான், இப்ப தொறந்து பாருங்க. தொறந்துட்டீங்களா? மேலேருந்து எண்ணுங்க."

நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஆமா, மூணாவது. வெள்ளைதான். வண்டி வந்துருச்சு மச்சான், இங்க என் கண்ணு முன்னாடிதான் நிக்கிது." பிறகு, துப்பட்டியால் வாயை மறைத்துக்கொண்டு, "அதே ரோசாப்பூதான் மினுக்குதாம்" என்று எங்களிடம் சொன்னார். சிரித்தார். யார்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை உங்களுக்குச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த மூன்று வாரங்கள் தினமும் அரியலூர் போனேன். செல்வராணியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பழைய பக்கத்தை வரி வரியாகக் காட்டி, "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். பச்சை என்றால் கல் ஏற்றியாச்சு. வண்டி எண்ணுக்குப் பின்னால் இருந்த சின்ன நட்சத்திரத்துக்குப் பொருள் இருந்தது: டிரைவர் மாறியிருக்கிறார். ஓடும் எழுத்துக்குப் பொருள் இருந்தது: சுரங்கம் விடுமுறை. ரோஜாப்பூவைக் காட்டியபோது மட்டும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது சும்மா அழகுக்கு சார். எல்லாத்துக்கும் அர்த்தம் தேடாதீங்க."

அதன் பிறகுதான் புதிய பக்கத்தை மறுபடி எழுதினேன். முன்பு எழுதியதில் பெரும்பகுதி அப்படியே பயன்பட்டது. என் சுத்தமான நிரல் தவறில்லை, அது காலியாக இருந்ததுதான் தவறு. ஒவ்வொரு வண்டிக்கும் நிலை என்று ஒரு பத்தி சேர்த்தோம். நிறம் இருக்கிறது, நிறத்தோடு சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல் எங்கும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றினேன். அப்போது நம் பெரம்பலூர் பிரவுசிங் சென்டர்களிலேயே பாதிக் கணினிகளில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரியாது. தம்மாமில் தெரியுமா என்பது எனக்கே நம்பிக்கையில்லாத கேள்வி. பழைய பக்கத்தை எடுக்காமல், புதியதைத் தனி முகவரியில் வைத்து, ஜமாலைப் பார்க்கச் சொன்னோம்.

செல்வராணியின் மேசைத் தொலைபேசியில் அவர் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளை படிப்பதுபோல் படித்தார். "முறை... நிறுத்தம். ஏற்றியாச்சு. காத்திருக்கு." நிறுத்திவிட்டு, "தங்கச்சி, தமிழ் வருது" என்றார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அரபு எழுத்துகள் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே எல்லாக் கணினியிலும் ஒரு வசதியை ஏற்றி வைத்திருந்தார்கள். அதோடு சேர்ந்து நம் எழுத்தும் வந்து உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் தட்டுத்தடுமாறிய தமிழ், கடல் தாண்டி அரபியின் தோளில் ஏறி நன்றாகவே நின்றது.

ஜமால் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வந்தவர், ஒரு நாள் மும்தாஜோடு யார்டுக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. புதிய பக்கம் அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டிரைவர்கள், துரைராசு, முதலாளி எல்லோரும் இருந்தார்கள். முதலாளி பழத்தை மென்றுகொண்டே, "தம்பி, நாலு வார்த்த பேசுங்க" என்றார்.

எடைமேடைத் திட்டில் ஏறினேன். உரை ஒன்று தயாராகத்தான் இருந்தது. பொருளும் தோற்றமும் பற்றிய அருமையான முன்னுரை அதற்கு உண்டு. வாயைத் திறப்பதற்குள் செல்வராணி கீழிருந்து, "சுருக்கமா சார், அடுத்த வண்டி எடைக்கு நிக்கிது" என்றார்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். நின்றது. டிரைவர் இஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. ஆகவே அந்த இரைச்சலுக்கு மேல், எல்லோருக்கும் கேட்கும்படி, என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரையை ஆற்றினேன்.

"வச்சவங்கள கேக்காம, இனிமே நான் எதையும் எடுக்க மாட்டேங்க."